ஒரு விளக்கை அணைத்துவிட்டுப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மார்கழி பிறந்து நாலு நாளாகிறது. விடியற்காலையில் கோயில் பாட்டு கேட்டதும் எழுந்துவிடுகிறேன், அப்புறம் தூக்கம் வருவதில்லை. நீ எடுத்து அனுப்பிய பதினோரு முகப் படங்களையும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாய். “நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி பதில்தான். மீதியைப் போனில் சொன்னால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று அவசரப்படுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

படங்கள் கூர்மையாக இருக்கின்றன, நிறமும் சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் பதினொன்றிலும் முகம் சப்பையாக இருக்கிறதப்பா. டப்ளினில் உன்னோடு வேலை பார்க்கும் அந்த நைஜீரியாப் பிள்ளைக்கு எவ்வளவு எடுப்பான கன்ன எலும்பு! வீடியோ காலில் பார்த்திருக்கிறேனே. படத்தில் அதைக் காணோம். அவன் கண்ணுக்குள் பார்த்தேன். ஒவ்வொரு கருவிழியிலும் இடது பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம், வலது பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம். மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெல்லிய நிழல். சாப்ட்பாக்ஸ் இரண்டையும், அதுதான் வெள்ளைத் துணி மூடிய அந்த விளக்குப் பெட்டிகளை, ஒரே உயரத்தில், ஒரே பவரில், ஆளின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறாய். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாங்கள் அப்படித்தான் வைப்போம். அதில் முகத்தில் நிழலே விழக்கூடாது. நீ எடுப்பது அதற்காக இல்லையே.

ஒரு விளக்கை அணைத்துவிடு. பிளாஷையும் ஓரமாக வை. அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரு சாதாரண பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றி நட. கேமரா அன்றைக்கு வேண்டாம், மூக்கு நிழலை மட்டும் பார். பல்பு அவன் முகத்துக்கு நேரே இருக்கும்போது நிழலே இருக்காது. அப்படியே தலைக்கு மேலே கொஞ்சம் தூக்கினால் மூக்குக்குக் கீழே குட்டியாக ஒரு நிழல் விழும். 1930களில் ஹாலிவுட் நடிகைகளை அப்படித்தான் எடுத்தார்கள். கன்ன எலும்பு தூக்கலாக இருப்பவர்களுக்கு அது அழகு, கண் உள்ளடங்கியவர்களுக்கு ஆகாது. பல்பைப் பக்கவாட்டில் கொண்டுபோகப் போக மூக்கு நிழல் சாய்ந்து உதட்டோரத்துக்கு வரும். ஓர் இடத்தில் அது கன்னத்து நிழலோடு போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாகத் துளி வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அப்பா அதை “ரெம்ப்ராண்ட்” என்பார். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர், அவர் வரைந்த முகங்களில் வெளிச்சம் அப்படி விழும். நம் ஸ்டூடியோவில் அந்தப் பெயர் தெரியாத உதவியாள் கூட “முக்கோணம் விழுந்துடுச்சுண்ணே” என்று குரல் கொடுப்பான்.

நிழலைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு இதுவரை சொன்னதில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அப்பா எனக்கு நெகட்டிவ் டச்சிங் கற்றுக்கொடுத்தார், பிலிமிலேயே பென்சிலால் முகத்தைத் திருத்துகிற வேலை. ஜன்னலோரம் சாய்வாக ஒரு மரச் சட்டம், நடுவில் மங்கல் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவை அதில் வைத்து, பென்சில் பிடிப்பதற்கான மீடியம் என்ற திரவத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் தேய்த்து, உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே பள்ளம், அம்மைத் தழும்பு எல்லாம் அதில் வெளுத்த கோடாகத் தெரியும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து, கோடு மறைந்துவிடும். எனக்குக் கை நன்றாக ஓடியது. அறுபது வயதை நாற்பதாக்குவேன். பிரிண்ட் போடும்போது அப்பா இரண்டு விநாடி குறைத்து முகத்தைச் சிவப்பாக்குவார். ஊரெல்லாம் அதைத்தான் கேட்டது.

ஒருநாள் ஒரு விவசாயி வந்தார். முந்தின வருஷம் அவர் அம்மாவைக் கூட்டிவந்து படம் எடுத்திருந்தார், அந்த அம்மா அப்புறம் தவறிவிட்டார். மாட்டுவதற்குப் பெரிய படம் கேட்டார். நான் மூன்று நாள் உட்கார்ந்து டச் செய்தேன். படத்தைக் கையில் வாங்கியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இது எங்க ஆத்தா இல்லீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் இடது கன்னத்தில் வாயோரம்வரை ஒரு ஆழமான மடிப்பு இருந்தது. அவர் சிரித்தால் முதலில் சிரிப்பது அந்த மடிப்புதானாம். அதை நான்தான் மூடினேன். பென்சிலைத் துடைத்தெடுத்து மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஆனாலும் மடிப்பு முழுதாகத் திரும்பவில்லை. எடுக்கும்போதே இரண்டு பக்கமும் விளக்கை வைத்து நிழலைக் கழுவிவிட்டிருந்தோம். நெகட்டிவில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

அன்றிலிருந்து அப்பா வயதானவர்கள் வந்தால் ஒரு விளக்குதான் போடுவார்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒற்றை விளக்கு என்றால் நிழல் கரடுமுரடாகத்தானே விழும் என்பாய். விளக்கு முகத்திலிருந்து பார்க்க எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும். உன் சாப்ட்பாக்ஸைத் தூரத்தில் நிறுத்தினால் அது சின்ன விளக்குதான். இரண்டடிக்குக் கொண்டுவா. அதுவும் போதாவிட்டால் நீ ஊரிலிருந்து எடுத்துப்போன எட்டு முழ வேட்டியைக் கொடியில் கட்டி, அதன் பின்னால் விளக்கை வை. விளக்குக்குப் பதில் வேட்டியே வெளிச்சமாகிவிடும்.

கிட்டே கொண்டுவருவதில் இன்னொரு லாபமும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். விளக்கு முகத்துக்கு 2 அடியில், சுவர் முகத்துக்குப் பின்னால் 6 அடியில் என்று வைத்துக்கொள். விளக்கிலிருந்து சுவர் 8 அடி. முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். உன் வீட்டு வெள்ளைச் சுவர் தானாகக் கருத்துவிடும். கருப்புத் திரை வாங்க வேண்டும் என்றாயே, வேண்டாம், விளக்கை நகர்த்து போதும். நிழல் பக்கம் ரொம்ப இருண்டால் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்து. போதுமான நிழல் இல்லையென்றால் அதே இடத்தில் கருப்புக் குடையை விரித்துப் பிடி. வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைக் குடை தின்றுவிடும். கன்னம் செதுக்கினாற்போல நிற்கும்.

வேட்டி சொன்னதும் அப்பா அடிக்கடி சொல்லும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1956இல் வந்த ‘அபராஜிதோ’ என்ற வங்காளப் படத்துக்காக இயக்குநர் சத்யஜித் ராய் காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார். முற்றத்து வீட்டில் வெளிச்சம் வானத்திலிருந்து மெதுவாக இறங்கும், தெளிவான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்கோ எப்படி வைத்தாலும் நிழல் போடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியில் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றத்து வெளிச்சமாகவே இருந்தது. இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் ஏறும். விலையுயர்ந்த சாமான் எதுவுமில்லை, துணி!

அங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, சூரியனே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாய். எனக்கு அதைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. நம் ஊரில் உச்சி வெயில் நேரே மண்டையில் அடிக்கும். சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் சரியாகத் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். வெளியே ஆளை நிறுத்தினால் கண் இரண்டும் குழிதான். டப்ளினில் இந்த நாட்களில் மத்தியானச் சூரியன் கூட அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரிதான் ஏறும். அதையும் மேகம் மூடியிருக்கிறது. மித்ரா கட்டிய துணியை உனக்கு வானமே கட்டி வைத்திருக்கிறது. காலை பதினொரு மணிக்கு, வெயில் நேரே விழாத வடக்கு ஜன்னலோரம் ஒருவரை உட்கார வை. 1948 டிசம்பரில் இர்விங் பென் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் பெரு நாட்டில் குஸ்கோ ஊருக்குப் போனபோது, அந்த ஊர்ப் போட்டோகிராபர் ஒருவரின் பகல் வெளிச்ச ஸ்டூடியோவைச் சில நாள் வாடகைக்கு எடுத்து, மலை ஜனங்களைப் படம் பிடித்தார். இன்றும் அந்த முகங்களைப் பார்த்தால் பேச்சு வராது. நம்மைப் போல ஒரு சின்ன ஊர் ஸ்டூடியோவின் ஜன்னல்தானே அது என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த நைஜீரியாப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். கருத்த தோல் என்பதால் நீ வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாய். போதாததற்கு முகம் பிரேமை நிறைத்தால் கேமரா தன் பங்குக்கும் கூட்டும், கருப்பைச் சாம்பலாக்கித்தான் அதற்குப் பழக்கம். அதனால்தான் அவன் நெற்றி சாம்பல் பூத்தாற்போல் வந்திருக்கிறது. ஒரு ஸ்டாப் குறை, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கு. வெளிச்சத்தின் அளவை விட்டுவிட்டு, அது வரும் கோணத்தைக் கவனி. கோயிலில் எண்ணெய்க் காப்பு சாத்திய கருங்கல் சிலையைப் பார்த்திருக்கிறாய். சும்மா நின்று பார்த்தால் இருட்டு. குருக்கள் கற்பூரத்தட்டைச் சுற்றும்போது மூக்கு, கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாக மினுங்கி எழும். அந்த மினுமினுப்புதான் உருவத்தைக் காட்டுகிறது. அவனுக்கும் அப்படித்தான். வேட்டி மாதிரி பெரிய வெளிச்சத்தைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலேயே தள்ளி வை. அது அவன் கன்னத்தில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். முகத்துக்குப் பவுடர் போடச் சொல்லாதே, அந்த மினுக்கம் போய்விடும்.

கலர் வந்த காலத்தில் லேப்களுக்குப் பிலிம் கம்பெனியிலிருந்து ஒரு சோதனை அட்டை வரும், ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. நம் ஜனங்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் பல வருஷம் பிரிண்ட் ஆனார்கள். உன் கையில் இருக்கும் கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

விளையாட்டாகவும் ஒன்றிரண்டு செய்து பார். பித்தளைத் தாம்பாளத்தை மடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை அதில் பிடித்துக் கழுத்துக்கும் தாடைக்கும் திருப்பு. மாலை வெயில் பட்டது மாதிரி ஒரு மஞ்சள் ஏறும். கல்யாணப் பெண்களுக்கு நான் அதைத்தான் பிடிப்பேன். எவர்சில்வர் தட்டு வேண்டாம், வெளிச்சம் கூர்மையாக வெட்டும். மூங்கில் சல்லடை வழியாகச் சின்ன விளக்கை அடித்தால் முகத்தில் கட்டம் விழும். சல்லடை முகத்துக்குக் கிட்டே இருந்தால் கோடு கூர்மையாகும், விளக்குக்குக் கிட்டே போனால் கரைந்துவிடும். அகல் விளக்கில் எடுத்தால், வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே. அந்தச் செம்மஞ்சளைக் கேமரா துடைத்துவிடப் பார்க்கும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் உன் படம் ஒன்று அனுப்பினாய். ரிங் லைட் வைத்து எடுத்தது, கண்ணுக்குள் வட்டம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து, டைமரைப் பத்து விநாடி வைத்து, ஒரு படம் எடுத்து அனுப்பு. ஜன்னல் உனக்கு இடது பக்கம் இருக்கட்டும். டச் எதுவும் செய்யாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
மன்னார்குடி