ஆண்டறிக்கை 2024–25: மாவட்டத் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போலக் கூடியது. சந்தா பாக்கி ஓரளவு வசூலாகியிருக்கிறது. மின்கட்டணம் பற்றி நாம் கொடுத்த மனு கொடுத்த இடத்திலேயே தூங்குகிறது. இவற்றை இத்துடன் விட்டுவிட்டு, கூட்டங்களில் பாதி நேரத்தை விழுங்கிய திருட்டுப் படம் விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய படம் ஒன்றின் முதல் நாள் முதல் காட்சி. நம் உறுப்பினர் ஒருவரின் அரங்கில் ஒரு ஆள் பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே செல்போனை நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கதாநாயகன் அறிமுகக் காட்சிக்கே கைதட்டாத ஆள் யாரென்று சந்தேகப்பட்டுத்தான் டார்ச் அடிக்கும் தம்பி பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போனால், அங்கே ரைட்டர் கேட்ட முதல் கேள்வி: "படம் உங்களுடையதா?"

இல்லை, நாங்கள் ஓட்டுகிறவர்கள்தான். அப்படியென்றால் தயாரிப்பாளரை வரச் சொல்லுங்கள் என்றார்கள். தயாரிப்பு அலுவலகமோ, சம்பவம் நடந்தது உங்கள் அரங்கில், நீங்களே புகார் கொடுங்கள் என்றது. கடைசியில் கிடைத்தது, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. ஆள் மாலையில் வீட்டுக்குப் போய்விட்டார்.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அது ஜாமீனில் வர முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டம் அரங்குக்குள் படம் பிடிப்பதையே தனிக் குற்றமாக்கி, குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் 2004 முதல் குண்டர் சட்டமும் இவர்கள் மேல் பாயும். இத்தனை இருந்தும் எஃப்.ஐ.ஆர். போடத்தான் ஆளில்லை.

இணையதள முடக்கமும் இதே கதைதான். 2018-இல் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு எழுத்தை மாற்றி வேறு பெயரில் தளம் திறக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? மத்திய அரசு 2023 நவம்பரில் நியமித்த 12 அதிகாரிகள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மதியம் புகார் கொடுத்தால் ஞாயிறு மதியம். நம் வசூலே அந்த மூன்று நாள்தான். அதற்குள் டெலிகிராமில் ஊரே பார்த்து முடித்துவிடும்.

நம் மேல் நடவடிக்கை மட்டும் வேகமாக வரும். படத்துக்குள் பதிந்திருக்கும் வாட்டர்மார்க், எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. 2018 அக்டோபரில் அப்படிச் சிக்கிய பத்து அரங்குகளுக்குப் புதுப்படமே கிடையாது என்று தயாரிப்பாளர்கள் அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஆட்களில் சிலர் கண்டும் காணாமல் இருந்தது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிடித்துக் கொடுத்தவனுக்கும் அதே சந்தேகப் பார்வை என்றால், அடுத்த முறை எவன் பிடிப்பான்?

செயற்குழு முடிவு இதுதான். இனி விநியோகஸ்தருடன் படத்துக்கு ஒப்பந்தம் போடும்போதே, படத்தின் உரிமையாளர் சார்பில் புகார் கொடுக்க அதிகாரம் தரும் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டாலும், இத்தகைய குற்றத்துக்கு யார் தகவல் கொடுத்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்ற 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலை ஒவ்வொரு அரங்கின் மேனேஜர் மேஜையிலும் வைக்கிறோம். பிடித்த போனை அழிக்க விடாமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும். சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகும் ஊழியருக்கு அன்றைய சம்பளத்தைச் சங்கமே கொடுக்கும். இதற்கு மட்டும் உங்கள் ஒப்புதல் தேவை.

அப்புறம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

செயலாளர்