கோப்பெங்கிலிருந்து அம்மா

கோப்பெங்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. போனில் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. அதனால் தாளை எடுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போகிற பாலத்தில் நிற்கிறவளுக்கு நேரம் ஏது, தெரியும். இருந்தாலும் "பசியாறிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை போடலாமே. நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பு தேறும் வரையாவது.

நேற்று நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் குடும்ப தினம். இந்த வருஷம் மண்டபம் வேண்டாம் என்று கம்பார் ஆற்றோர முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். ரப்பர் படகு, கம்பியில் தொங்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பது, காட்டு நடை எல்லாம் இருந்தது. தண்டல் வீட்டு அத்தைகூட வந்திருந்தார். உன்னைத்தான் முதலில் கேட்டார். நல்லா இருக்கிறாள், சிங்கப்பூரில் அவளுக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பி படகின் முன்வரிசையில் உட்கார்ந்தான். ஏறுவதற்கு முன் வழிகாட்டிப் பையன் எல்லோரையும் நிறுத்திச் சொன்னான்: தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே மலையில் மழை என்று அர்த்தம். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் நம்பக்கூடாது. கெபாலா ஆயிர், அதுதான் திடீர் வெள்ளம், வந்துவிடும். பையைத் தேடாமல் கரையேறிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு போகிறார்கள், நான் தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வளைவில் படகு மறைந்தது. திரும்பி வந்து இறங்கியபோது தலைக்கவசங்களை எண்ணினேன், ஏழு. சரியாக இருந்தது.

நீயும் மழையில் மோட்டார் ஓட்டாதே. ஒதுங்கி நில். நேரத்துக்குச் சாப்பிடு.

மத்தியானம் உலு கெரோ பக்கம் ரஃப்ளேசியா பூ பார்க்கப் போனோம். நம் வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நான் இத்தனை வருஷம் பார்த்ததில்லை. கூட்டிப்போன செமாய்ப் பழங்குடிக்காரர் நல்ல மனிதர், என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அந்தப் பூவுக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. ஒரு காட்டுக்கொடிக்குள்ளேயே இருந்து, அதன் சத்தை உறிஞ்சி வளர்கிறது. மொட்டு முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். விரிய ஒன்பது மாதம் ஆகுமாம், விரிந்தால் ஒரு வாரம்கூட நிற்காதாம். பல மொட்டு விரியாமலே கறுத்து அழுகிவிடும் என்றார். நாங்கள் பார்த்ததிலும் ஒன்று அப்படித்தான் கிடந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பின்னால் போய்க் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

செல்வி, ஒன்று சொல்ல வேண்டும். தம்பி நனைந்து சிரித்துக்கொண்டு கரையேறியபோதே நெஞ்சில் குத்தியது. 2003-ல் உனக்கு ஆறாம் வகுப்புச் சோதனை முடிந்து, லாத்தா கிஞ்சாங் அருவியில் பள்ளி முகாம் வைத்தார்களே. நீ காலணியைத் தேய்த்து வெயிலில் காயப்போட்டிருந்தாய். அருவி வழுக்கும், ஆபத்து, அப்பா வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். டீச்சரிடம் உனக்குக் காய்ச்சல் என்றேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவர் போகட்டும் என்றுதான் சொன்னார். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை மூடிய வருஷம் அது. நான் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனால் தம்பியைத் தூக்க ஆள் இல்லை. மூன்று நாள் சம்பளம் போய்விடும் என்று உன்னை வீட்டில் வைத்தேன். நீ அழவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பஸ் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ரப்பர் பால்வாளியோடு திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றாய்.

அன்று பொய் சொன்ன வாய்தான், சித்திரையில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது, "மோட்டார் ஓட்டாதே என்று சொன்னேனே" என்றது. நீ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் கணக்குக் கேட்டேன். உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. முட்டிவலி என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். வலி இருந்தது, ஆனால் வர முடியாத வலி இல்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை ஈப்போவில் பகல் பஸ் ஏறுகிறேன். தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். லார்கின் பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டாம், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் முகவரி கேட்டு வாங்கிவிட்டேன், அவரைக் கோபிக்காதே. சாவியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. முருங்கைக்கீரையும் கருவாடும் கொண்டுவருகிறேன். நீ பேச வேண்டியதில்லை. வந்து சாப்பிட்டால் போதும்.

அம்மா