ஓலையும் வலையும் இழைத்த பெண்களை மாவட்ட வரலாற்றில் சேர்க்கக் கோரும் மனு

முல்லைத்தீவு மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறோம். இந்தக் கரையின் கலையைப் பற்றி மேடையிலும் விழா மலர்களிலும் பேசும்போது, இழைத்த, தைத்த, சாயம் போட்ட பெண்களின் பெயர் வருவதில்லை. அதைத் திருத்தித் தரவேண்டும்.

1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், கற்சிலைமடுவில் நினைவுக்கல்லும் இருக்கிறது, அதில் எங்களுக்கும் பெருமைதான். கோவலன் கூத்து என்றால் அதைப் பழக்கிய அண்ணாவியார் யார், கோவலனாக ஆடியவர் யார் என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. அந்தக் கூத்து உடுப்புக்கு விடிய விடிய இருந்து மணி கோத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், "வீட்டுப் பொம்பிளையள்தான்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

வலையும் அப்படித்தான். நைலோன் வருவதற்கு முன் வலை பருத்தி நூலில் இருந்தது, உப்புத் தண்ணீரில் உக்காமல் இருக்க அதை மரப்பட்டை அவித்த சாற்றில் ஊறப்போட்டு எடுப்பார்கள். எங்கள் வீடுகளில் பட்டை இடித்ததும் அடுப்பில் பானை ஏற்றியதும் கிழிசல் பொத்தியதும் அம்மம்மாமார். கரைவலை என்றதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயர் மட்டும் ஏன் நிற்கவேண்டும்?

அப்புறம் பனையோலை. மீன் கொண்டுவர உமல், நெல் புடைக்கச் சுளகு, புட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, வெற்றிலைக்குக் கொட்டப்பெட்டி, குளக்கரை ஊர்களில் பன் புல்லில் பாய் என்று இந்த மண்ணில் ஒரு வீடு நடந்ததே இவர்கள் கையால். சார்வோலை என்கிற இளம் ஓலையை வெட்டி வெயிலில் காயவைத்து, இரவுப் பனியில் விரித்துப் பதமாக்கி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்பதற்குள்ளேயே இடுப்பு ஒடிந்துவிடும், இழைப்பது அதற்குப் பிறகுதான். காய்வது கூடினால் ஓலை வெடிக்கும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இந்தப் பதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, விரலில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. இன்னும் கடகம் என்கிற ஓலைக்கூடையின் மூலைகளைத் தடவித் தடவியே மடக்கி எடுக்கிறார், விளிம்பு பொத்தும்போது மட்டும் பேத்தியைக் கூப்பிட்டு ஊசியில் நார் கோத்துத் தரச் சொல்கிறார். சிவப்போலையும் பச்சையோலையும் எந்த இடத்தில் மாறவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்குப் பிறகு அதை யாரிடம் கேட்பது?

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2009இல் போரால் ஊரே இடம்பெயர்ந்து போனது. பழைய பெட்டி, பாய், படம் என்று காட்டுவதற்கு எங்கள் வீடுகளில் இன்று ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது இந்த வயதானவர்களின் கையும் நினைவும்தான், ஆகவே தயவுசெய்து அடுத்த வருடத் திட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள்.

இந்தப் பெண்களை அரசுக்குத் தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. வாழ்வாதார உதவிக் கோப்பில் இருக்கிறார்கள், கலைஞர் கோப்பில் இல்லை, அதுதான் வலிக்கிறது. கூத்துக் கலைஞருக்குச் சால்வை போர்த்தும் அதே விழாவில் ஓலைக்காரிக்குக் கிடைப்பது வாசலில் ஒரு விற்பனை மேசை.

நாங்கள் கேட்பது இதுதான். மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலகங்களிலும் உள்ள கலாசார உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய், சம்மதிக்கும் பெண்களின் பெயர், ஊர், யாரிடம் பழகினார், எப்படிச் செய்கிறார் என்பதை எழுதியும் வீடியோவாகவும் பதியட்டும். ஒருநாள் வேலையை விட்டு உட்கார்ந்து சொல்கிறவருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள், சும்மா வாங்கிப்போவது நியாயமில்லை. அடுத்த மாவட்ட மலரில் இவர்களுக்குப் பக்கம் ஒதுக்குங்கள். கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் கலாபூஷணம் விருதுக்குத் தகுதியானவர்களின் விண்ணப்பத்தை உங்கள் அலுவலகமே நிரப்பி அனுப்பட்டும், ஏனென்றால் அந்தப் படிவத்தோடு ஓடித்திரிய அவர்களால் முடியாது. செய்த பொருட்களை வைக்க ஒரு அறையும், ஒவ்வொரு பொருளின் கீழும் செய்தவரின் பெயரும் வேண்டும்.

எல்லாம் ஒரே நேரத்தில் கஷ்டம் என்றால் சரி, முதலில் கரைதுறைப்பற்றுப் பிரதேசத்தில் தொடங்குங்கள். வீடுகளைக் காட்ட நாங்கள் கூட வருகிறோம். எந்த உத்தியோகத்தரிடம் இதை ஒப்படைத்தீர்கள், எப்போது வருவார் என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓலை இழைக்கும் குடும்பத்துப் பெண்கள்,
முல்லைத்தீவு