பெயரை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.எச்.டி. விண்ணப்பம் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எஸ்.ஓ.பி. (ஏன் அங்கே சேர விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கடிதம்) ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்பலாம் என்று அதில் இருந்தது. அப்படிச் செய்து பட்டவன் நான்.

முதல் வருடம் எட்டு இடங்களுக்கு அனுப்பினேன். 'சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்' என்று ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் பெயர் மட்டும் மாறும். ஐந்தாவதில் அதுவும் மாறவில்லை. நான்காவது பல்கலைக்கழகத்தின் பெயரோடே போய்விட்டது. எட்டிலும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பிழைதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மற்ற ஏழில் பெயர் சரியாகத்தானே இருந்தது!

என் முதுகலை ஆய்வு, ஒரு புரதத்தின் அமைப்பை அறிவதற்காக அதைப் படிகமாக்குவது. ஏழு மாதம் படிகமே வரவில்லை. அதை மறைத்து, 'புரத அமைப்பு ஆய்வில் அனுபவம் உண்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மறுவருடம், படிக ஆய்வு நடக்கும் துறைக்கு அந்த ஏழு மாதத்தையே ஒரு முழுப் பத்தியாக எழுதினேன்: உப்பின் அளவு, அமிலத்தன்மை, வெப்பநிலை என்று எதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், கடைசியில் புரதத்தின் நிலையில்லாமல் ஆடும் வால்பகுதியை வெட்டிய பிறகு எப்படிப் படிகம் வந்தது என்று. கணினியில் புரத அசைவுகளை ஆராயும் துறைக்கு அதே கதை இரண்டே வரி. அந்த வால் ஏன் ஆடுகிறது என்ற கேள்விதான் அங்கே பத்தியாக விரிந்தது.

அப்புறம், ஆசிரியர்களின் பெயர்கள். துறையின் இணையப் பக்கத்தில் ஓய்வு பெற்றவர் பெயரும் சில சமயம் அப்படியே கிடக்கும். அவரிடம் சேர ஆசை என்று எழுதினால் மானம் போகும். அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பலவற்றில் முதலாண்டு சில ஆய்வகங்களில் வேலை பார்த்த பிறகுதான் நெறியாளரை முடிவு செய்வார்கள். இரண்டு மூன்று பேரைச் சொல்லலாம். ஜெர்மனியில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆய்வுத் திட்டத்துக்கே ஆள் எடுப்பார்கள். அங்கே அந்த விளம்பரத்துக்குப் பதில் சொல்வதாகக் கடிதம் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை நேர்காணலில் வந்த முதல் கேள்வியே, "வாலில் எத்தனை அமினோ அமிலங்களை வெட்டினீர்கள்?" என்பதுதான்.

அடுத்த முறை மாதிரி எஸ்.ஓ.பி. வெளியிடுவதானால், ஒரே மாணவர் இரு வேறு துறைகளுக்கு எழுதிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். என்னுடையவை வேண்டுமானால் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவன்