வறுக, வறுக

பாப்பாவுக்கு,

பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுவாய், குரூப்பில் எழுதினால் ஊரே படிக்கும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேச மெசேஜ். "எங்கள் புதுமனை புகுவிளாவிற்கு அனைவறும் வறுக வறுக" என்று அவன் போட்டதும், நீ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பில் வட்டம் வட்டமாகப் போட்டு, "எதை வறுக்கணும் சித்தப்பா? கடலையா, கறியா?" என்று கேட்டாய். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான். பதினேழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். சித்தப்பா ஒரு கட்டைவிரல் போட்டான்.

அதோடு சரி. ஏழு வாரம் ஆகிறது, அவன் அந்தக் குரூப்பில் ஒரு வரி எழுதவில்லை. காலையில் முருகன் படமும் ரோஜாப்பூவும் வருகிறது, அதெல்லாம் யாரோ அனுப்பியதை இவன் தள்ளிவிடுவது. விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லக்கூட மகனைத்தான் எழுத வைத்தான். முன்பெல்லாம் போர்வெல்லில் தண்ணீர் வந்தால் எழுதுவான், பட்டறையில் மோட்டார் எரிந்துபோனால் எழுதுவான், தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் நமக்குத் தெரிந்துவிடும்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது, ஏனென்றால் நீ விளையாட்டாகச் செய்ததை நான் வினையாகவே செய்திருக்கிறேன். அம்மாவுக்குக்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

1984. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளைக் கோத்து, கேலி புரூஃப் (பிழை பார்ப்பதற்கான முதல் அச்சு நகல்) எடுத்து, ஈரம் காயாமல் என் மேஜையில் போடுவார், நான் சிவப்பு மையில் ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே போவேன். ஓர் எழுத்து தலைகீழாக நின்றாலும் கண்ணில் குத்தும். அந்த வயசில் அது ஒரு போதை மாதிரி, பஸ் போர்டு, ஓட்டல் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும், கூட வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டாவிட்டால் தூக்கம் வராது.

அப்போதுதான் கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்த சித்தப்பாவிடமிருந்து ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயசு. படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது, நின்றுபோனது என்ன, நான் படிப்பதற்காக அவனை நிறுத்தினார்கள். "அன்புல்ல அன்னனுக்கு" என்று ஆரம்பம். கோணல்மாணலான கையெழுத்து, இடம் போதாமல் மடிக்கிற ஓரத்திலும் எழுதியிருந்தான். நான் உட்கார்ந்து, அச்சகத்தில் செய்கிற மாதிரியே சிவப்பு மையில் ஒவ்வொன்றாகத் திருத்தி, அடியில் "மொத்தம் 41. அடுத்த முறை குறைக்கவும்" என்று எழுதி, கவரில் போட்டு அவனுக்கே திருப்பி அனுப்பினேன்.

அவன் அதில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? இரும்புச் சீவல் குத்தி விரல் பழுத்துவிட்டது, நகம் கழன்றுவிட்டது, வலது கையால் சாப்பிட முடியவில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான். நான் "வளது கை" என்று இருந்ததை "வலது கை" என்று திருத்தினேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவனிடமிருந்து கடிதம் கிடையாது. மாதாமாதம் மணியார்டர் மட்டும் தவறாமல் வரும். அந்த பாரத்தின் அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு இடம் இருக்கும், அதில் "பணம் கிடைத்ததும் தெரிவிக்கவும்" என்று இருக்கும், அதுவும் வேறு யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. வீட்டுக்குப் போன் வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தான், பேச்சில் அவனை மிஞ்ச முடியாது, உனக்கே தெரியும். ஆனால் எழுத்து என்று ஒன்றை அவன் கையிலிருந்து நான் மறுபடி பார்த்தது, அவன் மகன் போனில் தமிழ்க் கீபோர்டு போட்டுக் கொடுத்து நம் குரூப்பில் சேர்த்துவிட்ட பிறகுதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் குரூப்பில்தான் நீ வட்டம் போட்டாய்.

அவன் எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார். வருக, வறுக, நம் மதுரைப் பக்கத்து வாயில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இடையினம், வல்லினம் என்று புத்தகம் பிரித்து வைத்திருக்கிறது, நாக்கு எப்போதோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. விழாவும் இங்கே "விளா"தான், வாழைப்பழம் "வாளப்பளம்"தான். காதில் விழுந்ததைக் கை எழுதியிருக்கிறது. நீயும் நானும் தப்பில்லாமல் எழுதுகிறோம் என்றால் காது கூர்மை என்று அர்த்தமில்லை, ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களைப் பார்க்கிற வயசில் அவன் இரும்பு கடைந்துகொண்டிருந்தான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்கு உன்னைக் கூட்டிப்போனபோது கல்வெட்டைத் தடவித் தடவிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ராஜராஜன் தானும் அக்காவும் பெண்டுகளும் கோவிலுக்குக் கொடுத்ததை எல்லாம் வெட்டச் சொன்ன இடத்தில், கல்லில் இருப்பது "குடுத்தனவும்". கொடுத்தனவும் இல்லை, நாம் பேசுகிற மாதிரி குடுத்தனவும். ஆயிரம் வருஷமாக நிற்கிறது, யாரும் வட்டம் போடவில்லை.

இலக்கணம் எழுதியவர்கள்கூட நம் அளவுக்குக் கறார் இல்லை. வழு என்று பிழைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே வழுவமைதி என்று ஒன்றையும் வைத்தார்கள், காரணத்தோடு செய்த பிழை பிழையில்லை என்று. மகளைப் பார்த்து "வாடா ராசா" என்று கூப்பிடுவதைப் பள்ளிப் பாடத்திலேயே பால் வழுவமைதிக்கு உதாரணமாகக் கொடுப்பார்கள். நன்னூல் சொல்கிற காரணங்களில் முதலில் வருவது உவப்பு, சந்தோஷம். உன்னை நான் இன்னும் "டா" போட்டுத்தான் கூப்பிடுகிறேன், எந்தப் புலவரும் வந்து கேட்கவில்லை. (வழுவமைதி என்பது திணை, பால் மாதிரி விஷயங்களுக்குத்தான், எழுத்துப்பிழைக்கு இல்லை என்று நீ பாயின்ட் பிடிப்பாய். பிடி. என் பிள்ளைதானே.)

சரி, எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிற கட்சியும் நான் இல்லை. 31 வருஷம் அந்தச் சிவப்பு மையில்தான் சோறு தின்றோம். பாடப்புத்தகத்தில் பிழை வந்தால், அரசாங்கப் பலகையில் வந்தால், செய்தியில் வந்தால் நன்றாகக் கேள். எழுதச் சம்பளம் வாங்குகிறவன் ஒழுங்காக எழுத வேண்டும். நம் பட்டாவில் தாத்தா பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, அதைச் சரிசெய்ய என்னைப் பதினோரு தடவை நடக்கவிட்டார்களே, அங்கே எனக்கு இரக்கமே கிடையாது. சித்தப்பாவுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? வீடு கட்டிவிட்டோம், வாருங்கள் என்று சொன்னான். உனக்குப் புரியாமல் போயிற்றா?

இன்னொன்று, சரி என்று நாம் அடித்துப் பேசுவதும் அப்படியே நிற்கிற சமாச்சாரம் இல்லை. லை, னை எல்லாம் உன் பாட்டி காலத்தில் தும்பிக்கை வைத்த மாதிரி முன்னால் வளைந்திருக்கும். பெரியார் 1935இலேயே குடிஅரசில் மாற்றி அச்சடித்தார், 1978இல் அரசாணை வந்தது. பாட்டி சாகிறவரை தும்பிக்கையோடுதான் எழுதினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "பாட்டிக்கு எழுதத் தெரியல" என்று சிரிக்கும். அச்சகத்தில் வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று இரண்டு தமிழாசிரியர்கள் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கடைசியில் பத்திரிகை அடிக்க வந்த கல்யாண வீட்டுக்காரர் "இரண்டும் வேண்டாம், நல்வரவு என்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம், வட்டம் போட்ட படத்துக்குக் கீழே நீ என்ன எழுதினாய்? "ஒரே வரியில் இத்தனை எழுத்துபிழையா!" ஒரு ப் வர வேண்டும் அங்கே. பார்த்த உடனே கண்ணில் பட்டது, பழக்கதோஷம். குரூப்பில் சொல்லவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன் மெயிலில் இங்கிலீஷைத் திருத்தி ஒருவன் டீம் மொத்தத்துக்கும் அனுப்பினான் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து அழுதாயே, அது ஞாபகம் வந்தது.

சித்தப்பாவிடம் மன்னிப்பு எல்லாம் கேட்டு வைக்காதே, அவன் கூசிப்போவான். புது வீட்டு மாடியில் என்ன செடி வைத்திருக்கிறான் என்று கேள், அதுவும் குரூப்பிலேயே கேள். பதில் எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும்.

எவர்சில்வர் டப்பாவில் இருப்பது சித்தி அரைத்தது. மூடியில் ஒட்டியிருக்கிற சீட்டு அவன் எழுதியது, "எல்லு பொடி. காறம் கம்மி. பாப்பாவுக்கு" என்று. எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பையில் பேனாவும் இருந்தது. டப்பா சித்தியுடையது, பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா.

அப்பா