மாதாமாதம் மின் கணக்கீடு: ஸ்லாப் என்ன என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்சாரத்தை மாதம் ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதி வருகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியும் அதுதான். எனக்கும் மாதக் கணக்கு வேண்டும். ஆனால் மாதக் கணக்கு வந்துவிட்டாலே பில் குறைந்துவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்புவதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கூட்டுறவுப் பண்டகசாலையில் 31 வருடம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவள் நான். ஒரு கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மீட்டர் பெட்டியில் நூல் கட்டித் தொங்கும் வெள்ளை அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒரு வரிதான் விழும். நான் தனியாக ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு மாதமும் 26-ஆம் தேதி காலையில் டார்ச் அடித்து ரீடிங்கைக் குறித்துக்கொள்கிறேன். அதனால்தான் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த இந்தக் கோடையில் எந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று என்னால் சொல்ல முடிகிறது. மார்ச் 26 முதல் ஏப்ரல் 26 வரை 158 யூனிட். அடுத்த நாள் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், உள் அறையில் ஏ.சி. மாட்டினோம். ஏப்ரல் 26 முதல் மே 26 வரை 340 யூனிட். இரண்டும் சேர்ந்து 498.

அந்த 498 தானாக வந்து நின்ற எண் அல்ல. மே 22 காலை நோட்டில் 477 என்று இருந்தது. ஏ.சி. ஓடினால் ஒரு நாளைக்கு 13 யூனிட் போகும், ஓடாவிட்டால் 5. இன்னும் நான்கு நாள். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் என்பதால் ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். "அம்மா, பில்லை நான் கட்டுறேன், போடும்மா" என்றாள் மகள். நான் கேட்கவில்லை. ஜன்னலில் ஈரத் துணி கட்டினோம். இரண்டாம் நாளே குழந்தையின் கழுத்து மடிப்பில் சிவப்பு சிவப்பாக வேர்க்குரு வந்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சிணுங்கினாள். நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அந்த 500-இல்? 2022 செப்டம்பர் 10 முதல் அமலில் இருந்த கட்டணத்தைப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு மொத்தம் 500-க்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 என்ற படியே காணாமல் போகும். 101-லிருந்தே 4.50 போட்டுவிடுவார்கள். பில் 1,958 ரூபாய். அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்டட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குங்கள், கொடுக்கிறேன். ஏற்கெனவே ஓடி முடிந்த யூனிட்டுகளுக்குத் திரும்பிப் போய் விலை ஏற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்போது மாதக் கணக்குக்கு வருகிறேன். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். இப்போது இரண்டு மாதத்துக்கு உள்ள ஸ்லாப்பை, அதாவது எத்தனை யூனிட் வரை என்ன விலை என்ற படிகளை, அப்படியே ஒவ்வொரு மாதத்துக்கும் தருவது ஒன்று. மாதம் 100 யூனிட் இலவசம், 500 வரை குறைந்த கட்டணம். அப்படியென்றால் என் 158 யூனிட்டுக்கு 130 ரூபாய் 50 காசு, 340 யூனிட்டுக்கு 855 ரூபாய், மொத்தம் 985 ரூபாய் 50 காசு. நான் கட்டிய 1,713 ரூபாயில் 727 ரூபாய் 50 காசு மிச்சம். மக்கள் மனதில் இருப்பது இதுதான்.

இன்னொன்று, ஸ்லாப்பைப் பாதியாக வெட்டுவது. மாதம் 50 இலவசம், 250-இல் கோடு. கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். மாதம் 249, 249 என்று ஒரே சீராக ஓட்டும் வீட்டுக்கு இரண்டு பில்லும் சேர்ந்து அதே 1,713 வரும், ஒரு ரூபாய்கூட லாபம் கிடையாது. ஆனால் எந்த வீட்டில் கரண்ட் சீராக ஓடுகிறது? என் கணக்கைப் போட்டேன். 158-க்கு 373 ரூபாய் 50 காசு. 340 யூனிட், 250 என்ற கோட்டைத் தாண்டிவிட்டதால் 1,735 ரூபாய். மொத்தம் 2,108 ரூபாய் 50 காசு. இரண்டு மாதக் கணக்கைவிட 395 ரூபாய் 50 காசு கூடுதல்! முதல் மாதம் சிக்கனமாக இருந்ததற்குப் பலனே இல்லாமல் போகிறது. கல்யாணம், பிரசவம், மே மாத விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் என்று வீட்டுச் செலவு மேலும் கீழுமாகத்தானே போகும்?

ஆகவே "மாதக் கணக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு வாங்கினால் நாம் ஏமாந்துபோவோம்.

முழு ஸ்லாப்பையும் மாதாமாதம் கொடுத்தால் மின்வாரியத்தின் வருமானம் பெரிய அளவில் குறையும் என்பது எனக்குப் புரிகிறது. ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடன் இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் தொழில், வணிக இணைப்புகளுக்குக் கட்டணம் ஏறியபோதும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, அதற்கு நன்றி. அதனால் பாதி ஸ்லாப்தான் முடியும் என்றால், பண்டகசாலையில் நாங்கள் செய்ததைச் செய்யுங்கள். இந்த மாதம் விற்காத சரக்கை அடுத்த மாதக் கணக்கில் ஆரம்ப இருப்பாக எழுதுவோம். அதுபோல, ஏப்ரலில் நான் தொடாத மலிவான யூனிட்டுகளை மே மாதத்துக்குக் கொண்டுபோக விடுங்கள். என் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 373 ரூபாய் 50 காசும் 1,339 ரூபாய் 50 காசுமாக அதே 1,713-இல் வந்து நிற்கிறது. வாரியத்துக்கும் நஷ்டமில்லை. கட்ட வேண்டிய பணம் மாதாமாதம் பிரிந்து வருவதால் பென்ஷன் வாங்குபவர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் சுலபம்.

இதற்கிடையில், நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையும் வரும் என்றார்கள். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, நேரவாரியாக ரீடிங்கைப் பதியும் ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு, 2025 ஏப்ரல் 1 முதல் விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் இது உண்டு என்று அறிவித்தார்கள். சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் அதிகம் என்கிறார்கள். கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்வேன். வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிற பெண் எதை மாற்றுவாள்? வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்காமல், வேண்டுமென்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதே சரி.

வாடகைக்குக் குடியிருப்போருக்கு எந்த முறை வந்தாலும் ஒன்றுதான் போலிருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மகன், முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வீதம் வீட்டு உரிமையாளரிடம் கட்டுகிறான். இலவச 100 யூனிட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது இதுதான். மாதக் கணக்கீட்டு ஆணையை வெளியிடும்போது, கூடவே ஒரு மாதிரிக் கணக்கையும் அச்சிடுங்கள். சீராக ஓடும் வீட்டுக்கு எவ்வளவு, என் வீடு மாதிரி 158-ம் 340-ம் ஓடும் வீட்டுக்கு எவ்வளவு என்று பழைய முறையிலும் புதிய முறையிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். அப்புறம், 500-இல் அந்த 2.25 படியைப் பறிப்பதை மாதக் கணக்கு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.

பேத்தி ஐந்தாம் மாதம்தான் அவள் அப்பா வீட்டுக்குப் போவாள். இந்த முறை கணக்கெடுக்க ஜூலை 26-க்கு வருவார்கள். இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன், 512 ஆகிவிட்டது. ஏ.சி.யை நிறுத்தச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பண்டகசாலைக் கணக்கர்,
புதுக்கோட்டை.
14.7.2023