என் பெயரை அப்படியே விட்டவருக்கும், மற்ற எல்லாருக்கும்

வேலை கிடைத்துவிட்டது. நிரலாளர் வேலையேதான். நேற்று கடிதம் வந்தது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் என்னைப் படிக்க விட்ட அண்ணி, மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத தோழி, ராத்திரி போன் பண்ணினாலும் அலுக்காமல் நிரலில் வரும் பாயின்டரை விளக்கியவர்கள், மாதிரி இன்டர்வியூ எடுத்துத் திட்டித் தீர்த்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. உங்களிடம் நேரிலும் சொல்வேன். ஒருவரிடம் மட்டும் அது முடியாது, அவர் முகமே எனக்குத் தெரியாது.

நான் எட்டிப்பார்த்த ஒரு திறமூல மென்பொருளில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தி அனுப்பலாம்), பிப்ரவரி 29ஆம் தேதியோடு ஒரு வருடத்தைக் கூட்டினால், அடுத்த வருடத்தில் அந்தத் தேதி இல்லாததால், நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதைச் சரிசெய்து அனுப்பினேன். அதைப் பராமரிப்பவர் சோதனைகளைச் சேர்த்து, அமைப்பை மாற்றி, கடைசியில் பார்த்தால் என் வரிகளைவிட அவர் வரிகள்தான் அதிகம். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் மென்பொருளில், ஒவ்வொரு காமிட்டிலும், அதாவது பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும், இரண்டு பெயருக்கு இடம் உண்டு: எழுதியவர், சேர்த்தவர். இரண்டிலும் தன் பெயரையே போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நானும்தான். எழுதியவர் இடத்தில் என் பெயரை விட்டிருந்தார். ஆணா பெண்ணா என்ற விசாரணையும் இல்லை, 'பரவாயில்லையே, நல்ல முயற்சி' என்ற தட்டிக்கொடுப்பும் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: இனியாக் (ENIAC) என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946 பிப்ரவரியில் அதை உலகத்துக்குக் காட்டியபோது ஓடியது அவர்கள் அமைத்த நிரல். அன்று இரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. பல பத்தாண்டுகள் அவர்கள் பெயரே வெளியில் வரவில்லை.

இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், இத்தனை வருடம் ஏன் இடைவெளி என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்னோடு காத்திருந்த ஆண்களிடமும் இதைக் கேட்டார்களா, தெரியாது, எனக்குச் சந்தேகம்தான். இப்போது வேலை கிடைத்த இடத்தில் அந்தக் காமிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிப்ரவரி 28க்குப் போகாமல் மார்ச் 1க்கு ஏன் போனீர்கள்?" என்று கேட்டார்கள். அதைப் பற்றி எவ்வளவு மண்டையை உடைத்திருப்பேன்! பேச ஆரம்பித்தவள் அவர்கள் போதும் என்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியவில்லை, உங்களுக்கு அந்தக் காமிட் நினைவிருக்கவும் வாய்ப்பில்லை. இனி யாருடைய நிரல் என் கையில் வந்தாலும், நான் எவ்வளவு மாற்றி எழுதினாலும், தொடங்கியவர் பெயர் அதில் இருக்கும். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அப்புறம், தோழி, அலுவலகத்தில் புதுக் கணினி தருகிறார்களாம். உன்னுடையதை இந்த வாரமே கொண்டுவருகிறேன். 'ஈ' விசை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தட்டினால்தான் விழும்.